வயிற்றெரிச்சலோடு ஓடிய கிறவல் பாதை

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி, ஓகஸ்ட் மாதம். நாங்கள் அப்போது இத்தாலியில், சிசிலித் தீவின் பலேர்மோ நகரத்தில் இருந்தோம். வியா மக்வேதா என்கிற பெரிய கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் ஒடுக்கமான ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் வீடு. என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. நான் ஒவ்வொரு நாளும் காலமை ரெயின் பிடித்துப் பக்கத்து ஊரான பகேரியாவுக்குப் போய், ஒரு வயதான சிஞ்ஞோராவை, அதாவது இத்தாலிய அம்மா ஒருவரை, குளிக்க வார்த்து, சமைத்துக் கொடுத்து, வீட்டைத் துடைத்துவிட்டுப் பின்னேரம் திரும்புவேன். அந்த ஓகஸ்டில் சிஞ்ஞோராவை அவவின் மகன் மலைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனதால் எனக்கு லீவு கிடைத்தது. மகளையும் கூட்டிக்கொண்டு ஹொலண்டில் இருக்கிற மச்சாளிடம் போனேன்.

மச்சாள் என்றால் என் மாமாவின் மகள். என் வயதுதான். யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூடம். நாட்டை விட்டு வெளிக்கிட்டதும் ஏறக்குறைய ஒரே நேரம். ஏஜென்சிக்காரன் அவளை ஹொலண்டில் இறக்கினான், என்னை இத்தாலியில் இறக்கினான். அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே போகும்வரைக்கும் அதை நான் பெரிதாக நினைத்ததே இல்லை.

மச்சாளின் ஊர் ஜேர்மன் எல்லைப் பக்கம், ஒரு சின்ன ஊர். அவள் வீட்டுக்குப் பின்னால் தார் ரோட்டு முடிகிற இடத்தில் கட்டை நட்டிருந்தார்கள். அதற்கு அங்கால் கார் போகேலாது. சைக்கிளுக்கும் நடக்கிறவர்களுக்கும் மட்டும் சிறுகல் பரப்பிய ஒரு கிறவல் பாதை. போன அடுத்த நாளே அவள் எனக்கும் மகளுக்கும் சைக்கிள் எடுத்துத் தந்து கூட்டிக்கொண்டு போனாள்.

முதலில் பைன் மரக் காடு. சில்லுக்குக் கீழே கிறவல் நெரிபடுகிற சத்தத்தைத் தவிர ஒரு சத்தமில்லை. பிறகு காடு சட்டென்று விலகியது. கண்ணுக்கெட்டிய தூரம் முழங்கால் உயரப் பற்றை, அத்தனையும் ஊதாப் பூ. நடுவில் அந்த வெள்ளைக் கிறவல் பாதை மட்டும் வளைந்து வளைந்து போகிறது. வேறு யாராவது என்றால் “ஐயோ, என்ன வடிவு!” என்றிருப்பார்கள். எனக்கு வந்தது எரிச்சல்.

என் மகள் சைக்கிள் பழகியது எங்கள் வீட்டு நடையில். நாலு தரம் மிதித்தால் குசினிக் கதவில் போய் இடிக்கும். கீழே ஒழுங்கையில் விட்டால் ஸ்கூட்டர்காரன் அடித்துப்போட்டுப் போய்விடுவான். அப்படிப் பழகின பிள்ளை இங்கே காற்று மாதிரிப் பறக்கிறாள். தூரத்தில் நின்று கத்தினாள்: “மம்மா! இஞ்சை மக்கினா ஒண்டும் இல்லை!” மக்கினா என்றால் கார். பிறகு கிட்ட வந்து மெல்லக் கேட்டாள், “நாங்கள் ஏன் இஞ்சை இருக்கேல்லை?”

எனக்கு முன்னால் மச்சாள் ஒரு கையால் ஹாண்டிலைப் பிடித்து, மற்றக் கையால் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு, உலகத்தில் ஒரு அவசரமும் இல்லாதவள் மாதிரி ஓடிக்கொண்டிருந்தாள். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் எதைப் பார்த்தாலும் அதுதான். சைக்கிளைப் பூட்டாமலே கடை வாசலில் விட்டுவிட்டு அவள் உள்ளே போவதைப் பார்த்தால் எரிச்சல். அவளுடைய பிள்ளைகள் தனியப் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள் என்று கேட்டால் எரிச்சல். அந்தப் பற்றைக்குள் மேய்கிற செம்மறி ஆடுகளைப் பார்த்துக்கூட, ‘ஆட்டுக்குக் குடுத்து வைச்ச இடத்தைப் பார்’ என்று நினைத்திருக்கிறேன்.

ஒரு நாள் காலமை குசினியில் வைத்துச் சொல்லிவிட்டேன்.

“நான் திரும்பிப் போகேல்லை எண்டு யோசிக்கிறன், மச்சாள். பெர்மெஸ்ஸோவை எறிஞ்சுபோட்டு இஞ்சையே பதியப் போறன். அவரையும் வரச் சொல்லுறன்.”

பெர்மெஸ்ஸோ என்றால் இத்தாலியில் எங்களுக்கு இருக்கிற விசாப் பத்திரம். அதை எடுக்க நாங்கள் பட்ட பாடு அவளுக்கும் தெரியும். மச்சாள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“இஞ்சை வந்து என்ன செய்யப் போறாய்?” என்றாள்.

“நீ செய்யிறதைத்தான்.”

“யோசிச்சுச் செய்” என்றாள். அவ்வளவுதான். ‘வா’ என்று ஒரு சொல் வரவில்லை.

தன்னிடம் இருக்கிறது எனக்குக் கிடைப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். மகளை அவளுடைய பிள்ளைகளோடு விளையாட விட்டுவிட்டு, வாசலில் நின்ற அவளுடைய சைக்கிளைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

கோபத்தில் மிதித்தால் பாதை தெரியுமா? அங்கே சந்திக்குச் சந்தி காளான் மாதிரிக் கட்டையாய் ஒரு கல் நட்டு, அதில் ஊர்ப் பெயர்கள் எழுதியிருப்பார்கள். ஒரு பெயரும் எனக்கு வாயில் வராது. வலது, இடது என்று மனம்போன பக்கம் திரும்பினேன். வானமும் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு மேட்டில் ஏறி மற்றப் பக்கம் இறங்கும்போது சைக்கிள் வேகம் பிடித்துவிட்டது. கீழே பார்த்தால் பாதையை மறித்துக்கொண்டு செம்மறிக் கூட்டம்.

பிறேக்கைப் பிடிக்கலாம் என்று விரலை மடக்கினேன். ஹாண்டிலில் பிறேக்கே இல்லை! அந்த ஊர்ச் சைக்கிளில் பெடலைப் பின்னுக்கு மிதித்தால்தான் பிறேக். மச்சாள் எனக்குத் தந்த சைக்கிளில் கையாலும் பிடிக்கலாம், அவளுடையதில் பிடிக்கேலாது. அது ஞாபகத்துக்கு வருவதற்குள் கிறவலை விட்டு மணலுக்குள் இறங்கி, பற்றைக்குள் தலைகீழாய் விழுந்தேன்.

விழும்போது என்னையறியாமல் கத்தினேன்: “பெட்டா மாத்ரி!”

வடிவான தாயே என்று மாதாவைக் கூப்பிடுகிற சிசிலிக்காரரின் சொல் அது. பலேர்மோச் சந்தையில் மீன் கை வழுக்கினாலும் அதைத்தான் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு என் வாயிலும் ஒட்டிவிட்டது.

ஆடுகளுக்கு அங்கால் ஒரு வயதான மனிதர் சைக்கிளோடு நின்றார். நல்ல உயரம், வெள்ளைத் தலை. ஹொலண்ட்காரர் என்றுதான் நினைத்தேன். அவர் சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடி வந்து என் முகத்தைப் பார்த்தார்.

“என்ன சொன்னாய்? இன்னொருக்காச் சொல்லு!” என்று கேட்டார், சிசிலியன் பாஷையில்.

கால் மடங்கி உயிர் போகிற நோவு. இருந்தாலும் திரும்பச் சொன்னேன். அந்தப் பற்றைக்குள் இருந்துகொண்டு மனிதர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “நீ எந்த ஊர்?” என்றார். “பலேர்மோ” என்றேன்.

முன்சில்லு நெளிந்துபோயிருந்தது. மச்சாளின் சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு, என்னைத் தன்னுடைய சைக்கிளில் இருத்தி, அவர் தள்ளிக்கொண்டு நடந்தார். மச்சாளின் ஊர்ப் பெயரை நான் சொன்ன விதத்தைக் கேட்டு அதற்கும் சிரித்தார். வழி அவருக்குத் தெரிந்திருந்தது. தூறல் தொடங்கியது. அவர் அதைக் கவனிக்கவேயில்லை.

இளந்தாரியாய் இருக்கும்போது இங்கே ஒரு நெசவு ஆலைக்கு வேலைக்கு வந்தவராம். ஆலையை எப்போதோ மூடிவிட்டார்கள். கலியாணம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் இங்கேதான். சொந்த ஊர் எது என்று கேட்டேன். பகேரியா என்றார்.

“நான் ஒவ்வொரு நாளும் அங்கைதான் வேலைக்குப் போறனான்” என்றேன்.

பிறகு அவர் என்னை விடவில்லை. ரெயின் இப்பவும் பிந்தித்தான் வருமோ? காலமை வெதுப்பகத்து வாசம் ஸ்டேசன் வரைக்கும் அடிக்குமோ? நான் குறையாகவே சொன்னேன். வெயில், குப்பை, ஹோர்ன் சத்தம், ரெயினுக்குள் வியர்வை நாற்றம். அவர் ஒவ்வொன்றுக்கும் “இன்னும் சொல்லு” என்றார்.

“ஸ்டேசனுக்கு முன்னாலை ஒரு கோப்பிக்கடை இருக்கே, அங்கை நீ போறனியோ?”

“ஓம், ரெயினாலை இறங்கினவுடனை அங்கைதான்.”

“உன்னைக் கண்டால் கடைக்காரன் என்ன கேப்பான்?”

“ஒண்டும் கேக்கமாட்டான். நான் வாசலுக்கு வரேக்கையே போட்டு வைச்சிடுவான்.”

சைக்கிள் நின்றது. அவர் தள்ளுவதை நிறுத்திவிட்டார்.

“போன முறை நான் அங்கை போனனான்” என்றார். “அவன் என்னைப் பார்த்து, ‘சிஞ்ஞோர், எந்த நாட்டிலையிருந்து வாறியள்?’ எண்டு கேட்டான். நான் பிறந்த வீடு அந்தக் கடைக்குப் பின் ஒழுங்கை. உனக்கு ஒண்டும் கேக்காமல் கோப்பி. எனக்கு ‘எந்த நாடு’!”

அவருடைய முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அதில் இருந்தது கவலை இல்லை. பச்சைப் பொறாமை. வந்த நாளிலிருந்து மச்சாளின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும். எங்கோ இலங்கையில் பிறந்த, வீடு துடைக்கிற என்னைப் பார்த்து ஒரு மனிதருக்குப் பொறாமையா!

“இந்தக் காடு, இந்தப் பாதை… இது உங்களுக்குக் காணாதோ?” என்று கேட்டேன்.

“பாதையிலை ஒரு குறையும் இல்லை” என்றார். “குறையே இல்லாத ஊரிலை ஆரோடை என்னத்தைக் கதைக்கிறது?”

கட்டை நட்ட இடத்தில் மச்சாள் மகளைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் நின்றாள். என்னைத் தேடி அந்தப் பாதையில் இரண்டு தரம் போய் வந்தாளாம். என் காலைப் பார்த்ததும் அழத் தொடங்கிவிட்டாள். மகளோ கிழவர் வாய் திறந்ததும் அவரோடு சிசிலியனில் வாயாடத் தொடங்கினாள். மூன்று பேரும் கத்திக் கதைக்க, மச்சாள் ஒன்றும் விளங்காமல் ஒதுங்கி நின்றாள்.

போகும்போது கேட்டேன், “பகேரியாவிலையிருந்து உங்களுக்கு ஏதும் அனுப்பட்டோ?”

“வேண்டாம்” என்றார். “கண்டால் இன்னும் எரியும்.” திரும்பிப் பார்க்காமல் சைக்கிளில் ஏறிப் போனார்.

மச்சாள் அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “இந்த மனுசனை நான் வந்த நாளிலையிருந்து இந்தப் பாதையிலை காணுறன். வணக்கம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டும். உன்னோடை பார், கை காலெல்லாம் ஆட்டிக் கதைக்குது” என்றாள். அந்தக் குரலில் இருந்தது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

பின்னேரம் என் காலுக்குத் துணி சுற்றிக் கட்டும்போது தலையைக் குனிந்தபடியே சொன்னாள்: “உன்னை வரவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. இஞ்சை வந்து முதல் வருசங்கள் ஒரு சனத்தோடை கதைக்கேலாமல் நான் அழுத அழுகை… அதை உனக்குச் சொல்ல வெக்கமா இருந்துது.”

நான் பெர்மெஸ்ஸோவை எறியவில்லை. ஓகஸ்ட் முடிய மகள் அழ அழ ரெயின் ஏறினோம். பலேர்மோவில் இறங்கி, நொண்டிக்கொண்டே எங்கள் ஒழுங்கைக்குள் நுழைய, ஒரு ஸ்கூட்டர்காரன் இடிக்கிற மாதிரி வந்து நின்றான். நான் அவனைச் சிசிலியனில் திட்டினேன். அவன் திருப்பித் திட்டினான். மேல் மாடிச் சிஞ்ஞோரா யன்னலைத் திறந்து, எனக்காக அவனுடைய பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டு, “வந்திட்டியோ? காலிலை என்ன?” என்று கேட்டா.

மச்சாள் போனில் அந்த ஊதாப் பூக் காலத்தைப் பற்றிச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறதுதான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் இன்னொருவர் பார்த்துப் பொறாமைப்படுகிற ஒரு வாழ்க்கையைத்தான் நானும் வாழ்ந்துகொண்டிருக்கிறேன் என்பது, அந்த மனிதரின் முகத்தைப் பார்த்திராவிட்டால் எனக்குச் சாகும்வரை தெரிந்திருக்காது.