சாம்பிராணிக் கூடையும் ஈர மலையும்

அந்தப் படத்தை வரைந்தது நானா? இரண்டு மாதமாக என்னையே இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் கணவருக்கு ஜவ்வாது மலைப் பள்ளியில் ஆசிரியர் வேலை. எங்கள் மகள் கைக்குழந்தை. அவள் தூங்கும்போது, ஜன்னலுக்கு எதிரே தெரியும் மலைச்சரிவை நீர்வண்ணத்தில் வரைவேன். வரையும் நேரத்தில் மட்டும்தான், அவள் மூச்சு விடுகிறாளா என்று எழுந்து எழுந்து பார்க்காமல் இருக்கிறேன். அது சரிதானா என்று பிறகு பயமாகவும் இருக்கும்.

ஐப்பசி மழையில் இங்கே எதுவும் காய்வதில்லை. ஒரு பூச்சு காய்ந்தால்தான் அடுத்த பூச்சு. அதனால் தணல்மேல் கவிழ்த்திருந்த சாம்பிராணிக் கூடைமேல் காயப்போட்டிருந்த குழந்தையின் துணிகளை ஒதுக்கிவிட்டுப் படத்தை விரித்தேன். சாமை கொடுக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார்.

"இன்னா வாத்தியார் வூட்டம்மா, காயிதத்துக்கும் சளி புடிச்சிக்கிச்சா?"

அதற்குள் குழந்தை நனைத்துக்கொண்டு அழுதாள். மாற்றுவதற்குக் காய்ந்த துணி ஒன்றுகூட இல்லை. படத்தை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, துணிகளைக் கூடைமேல் போட்டேன். அவளை என் பழைய புடவையில் சுற்றித் தூங்க வைத்துவிட்டு வந்தால், முகட்டின் நீலம் வழிந்து சரிவெல்லாம் கரைந்திருந்தது. போயிற்று என்று நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கி, மலையும் அதேபோல் கரைந்துகொண்டிருந்தது. நான் கவனமாக வரைந்த எந்த மலையும் அப்படி ஈரமாக இருந்ததில்லை. அழுகை வந்தது, எதற்கென்று தெரியவில்லை.

பிறகு வேண்டுமென்றே ஒரு தாளைச் சாய்த்துப் பார்த்தேன். கறைதான் வந்தது.

கணவர் அந்தப் படத்தைத் திருப்பத்தூரில் ஓர் ஓவிய ஆசிரியரிடம் காட்டியிருக்கிறார். கண்காட்சியில் வைக்கக் கேட்கிறாராம்.

"கீழ உன் பேரை எழுதிக் குடு. பொங்கல் லீவுல எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

"அது தானா வழிஞ்சதுங்க."

"சாய்ச்சு வெச்சது யாரு?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

பிரஷ்ஷை எடுக்கிறேன், வைக்கிறேன். இந்த மலையைத் தினமும் பார்த்த கண் என்னுடையதுதான். அந்த நீலத்தை முகட்டில் வைத்ததும் நான்தான். ஆனால் நான் குழந்தையிடம் ஓடிய நேரத்தில் அல்லவா அது மலையாயிற்று? என் இடத்தில் நீங்கள் இருந்தால் மூலையில் பெயர் எழுதுவீர்களா? பொங்கலுக்கு முன் யாராவது சொல்லுங்களேன்.