சப்பாத்தி மாவில் எடுத்த அளவு

அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், துவைக்கும் கல்லை ஒட்டி, எட்டடிக்குப் பத்தடியில் ஓர் அறை இருக்கிறது. முன்பு அதில் ஸ்கூட்டர் நின்றது. எட்டு வருடமாக மரம் கடையும் லேத் நிற்கிறது. அலுவலகத்தில் நான் கட்டட வரைபடம் போடுகிறவன். கடைசல் வேலை ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும்.

லேத்தோடு வாங்கிய உளிகள் ஆறு. அவற்றைத் தவிர, அந்த அறையில் நான் கை நீட்டி எடுக்கும் பொருள்களில் பெரும்பாலானவை சமையலறையிலிருந்து வந்தவை. பெருங்காய டப்பாவில் சின்ன ஸ்குரூகள் இருக்கின்றன. கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் மரையில் தூள் அடைத்துக்கொண்டால் பழைய பல் பிரஷ்தான் வேண்டும். உளியைத் தாங்கும் இரும்பின் மேல் மெழுகுவர்த்தித் துண்டை ஒருமுறை இழுத்துவிட்டால் உளி தடையில்லாமல் நகரும். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த மாம்பழக் காந்தம் இப்போது சக்கின் சாவியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மெருகேற்றுவதற்குப் பழைய நாளிதழைக் கிழித்து வைத்திருக்கிறேன். துணி கூடாது. சுழலும் கட்டை துணியைப் பற்றினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். காகிதம் என்றால் கிழிந்துவிடும்.

கட்டையில் வெடிப்பு இருந்தால் அதில் காப்பித்தூளை அடைத்து, மேலே உடனே ஒட்டும் பசையை இரண்டு சொட்டு விடுவேன். தேய்த்த பிறகு அது மரத்தின் சொந்தக் கணு போலவே தெரியும். இதைக் கண்டுபிடித்த வாரத்தில்தான் என் மனைவி அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, காப்பித்தூளு நேத்து அரை டப்பா இருந்துச்சு. உங்க கட்டைக்கும் காலைல காப்பி போட்டுக் குடுக்கறீங்களா?"

பதினோரு மாதமாக அப்படிக் கேட்க வீட்டில் ஆள் இல்லை. சேந்தமங்கலத்தில் தனியாக இருக்கும் அவளுடைய அம்மா, ஈரமாக இருந்த மாட்டுக் கட்டுத்தாரையில் வழுக்கி விழுந்து இடது இடுப்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. கைத்தடி ஊன்றி நடக்கலாம், ஆனால் எந்தக் காரணத்துக்கும் தரையில் குத்தவைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரே மகள் என்பதால் என் மனைவி அங்கே போய்த் தங்கினாள். "அம்மா தானா நடந்துட்டா அடுத்த நாளே வந்துருவேனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவர் நடக்கவில்லை.

இப்போது சமையலறையிலிருந்து எதை எடுத்தாலும் சத்தம் வருவதில்லை. ஒருமுறை இடுக்கியை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று நாள் அது லேத்தின் மேலேயே கிடந்தது. நான்காம் நாள் நானே கொண்டுபோய் ஆணியில் மாட்டினேன். டீ வடிகட்டியையும் கழுவி அதன் இடத்தில் வைத்தேன்.

தினமும் மாலை ஏழரைக்கு அவள் போன் செய்வாள். அந்தப் பேச்சில்தான் கைத்தடியைப் பற்றித் தெரிந்தது. கடையில் வாங்கிய தடியின் பிளாஸ்டிக் பிடி கையில் நிற்கவில்லை என்று என் மாமியார் அதை மூலையில் சாத்திவிட்டாராம். இது என்னால் செய்யக்கூடிய வேலை. அவருடைய உள்ளங்கையை நூலால் அளந்து சொல்லச் சொன்னேன். காய்ந்த வேப்பங்கட்டையில், முப்பத்துநான்கு மில்லிமீட்டர் கனத்தில், நடுவில் லேசாகப் பருத்த ஒரு பிடியைக் கடைந்தேன். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாமியார் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தடியில் மாட்டிக் கொடுத்தேன். இரண்டடி வைத்தவர் நின்றுவிட்டார்.

"பாக்க லட்சணமா இருக்குதுங்க மாப்ளே. புடிச்சா நிக்கமாட்டீங்குது."

"எந்தப் பக்கம் நழுவுதுங்க அத்தே?"

"எந்தப் பக்கமோ நழுவுது. நானென்ன இஞ்சினீருக்கா படிச்சேன்?"

"நல்லா இறுக்கிப் புடிம்மா" என்றாள் மனைவி.

"இறுக்கித்தான் புடிக்கறேன் சாமி. வேணும்னா நீ புடிச்சு நடந்து காட்டு."

அவள் பிடித்தாள். அசையவில்லை. நான் பிடித்தேன். அசையவில்லை. அவர் பிடித்தால் மட்டும் நழுவியது. அளவில் பிழை இல்லை என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. மனைவியிடம் கொஞ்சம் சப்பாத்தி மாவைக் கெட்டியாகப் பிசைந்து தரச் சொன்னேன்.

"மத்தியானச் சோறு இருக்குதேங்க?"

"திங்கறதுக்கு இல்ல."

"அஸ்தம்பட்டி டப்பாவெல்லாம் காலி பண்ணியாச்சு, இப்ப எங்கம்மா ஊட்டு மாவுக்கும் வந்துட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே பிசைந்தாள். அந்தச் சிரிப்பு போனில் வருவதில்லை.

பிடியைக் கழற்றிவிட்டு, மாவைத் தடியின் மேல் தடிமனாகச் சுற்றி, மாமியாரை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். கையை எடுத்ததும், மாவு தளர்ந்துவிடும் முன் பார்த்தேன். நான்கு விரல்களின் பள்ளம் வரிசையாக இருந்தது. கட்டைவிரல் எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்து விரல்களின் மேல் படியும் என்று எண்ணித்தான் பிடியைக் கடைந்திருந்தேன். மாவில் கட்டைவிரலின் தடம் விரல்களுக்கு அடியில் இருந்தது. அதன் கணு மட்டும் ஆழமாக இறங்கியிருந்தது.

"அது எருமை கறக்கற கைங்க" என்றாள் மனைவி. "கட்டவெரல உள்ள மடிச்சு வெச்சுத்தான் கறப்பாங்க. சொம்பு, அருவா, பஸ்ஸுக் கம்பி எல்லாம் அப்பிடித்தான் புடிப்பாங்க. இத்தன வருசமா நீங்க பாத்ததே இல்லியா?"

கல்யாணமாகி இருபத்துநான்கு வருடம். எத்தனையோ முறை அந்தக் கையால் மோர் வாங்கிக் குடித்திருக்கிறேன். பார்த்ததில்லை. பையிலிருந்த வெர்னியர் அளவுகோலை எடுத்து, விரல்களின் பள்ளங்களையும் அந்தக் கணுவின் பள்ளத்தையும் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த வாரம் இரண்டாவது பிடி. கனம் இருபத்தெட்டு. கணு அமரும் இடத்தில் சுற்றிலும் ஒரு பள்ளம். உப்புத்தாள் போட்டதோடு நிறுத்தினேன். எண்ணெயோ மெருகோ இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை புறப்படும் முன் படுக்கை விரிப்பை மாற்றினேன். திரும்பி வரும் பஸ்ஸில் இருவர் உட்கார இடம் கிடைக்குமா என்றும் யோசித்தேன்.

மாமியார் பிடித்தார். எழுந்து ஓரடி வைத்தார், இன்னொன்று, பிறகு வாசல் கடந்து வெளியே. நான் எண்ணிக்கொண்டே பின்னால் போனேன். முப்பத்தோரு அடி. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். துணி எடுத்து வைக்க உள்ளே போகப்போகிற முகம் அது.

ஆனால் அவர் நிற்கவில்லை. நேராகக் கட்டுத்தாரைக்குப் போய், தடியைத் தூணில் சாத்திவிட்டு, எருமையின் பக்கத்தில் சேலையை ஒதுக்கிக்கொண்டு குத்தவைக்கக் குனிந்தார்.

"அம்மா!" என்று ஓடிப்போய் மனைவி அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். "டாக்டர் என்ன சொன்னாரு உனக்கு?"

"நடக்கச் சொன்னீங்க, நடந்தேன். நடந்து நா வேறெங்க போறதாம்?"

அவரைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு, மனைவி மறுபடி கட்டுத்தாரைக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். எருமை அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"இப்ப எப்பிடீங்க உட்டுட்டு வாரது? படுத்திருந்தப்பக்கூட இத்தன பயமில்ல. இனி நாங் கண்ணசந்தா இங்க வந்து உக்காந்துக்குவாங்க."

அந்தப் பிடியைக் கடையாமலே இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. வெட்கமாக இருந்தது.

"உயரமா ஒரு முக்காலி இருந்தா?" என்றேன். "குத்தவெக்க வேண்டியதில்ல. உக்காந்தே கறக்கலாம். மூணு காலும் நானே கடஞ்சு தர்றேன்."

அவள் எருமையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அது சரியா அமஞ்சு, ஒரு மாசம் நாங் கூட நின்னு பாத்துட்டேன்னா வந்துருவேனுங்க."

இன்னும் ஒரு மாதம். தலையாட்டினேன்.

பையில் இருந்த வெர்னியர் பதினைந்து சென்டிமீட்டரோடு நின்றுவிடும். நாடா கொண்டுவரவில்லை. அவள் குனிந்து, தரையிலிருந்து மடிக்காம்பு வரை, எருமையின் காலை ஒட்டினாற்போல் காற்றில் சாண் போட்டாள்.

"ரெண்டு சாணு, நாலு வெரலு. எழுதிக்குங்க."

"யார் சாண்?"

"என்னுதுதான்."

"உன் சாண் எவ்வளவு?"

"அத நாங் கண்டனா?"

நோட்டை விரித்து, அவள் கையை வாங்கித் தாளின் மேல் விரித்து வைத்தேன். சாணம் மெழுகிய கை, காய்ந்து வெடித்திருந்தது. கட்டைவிரல் நுனியில் ஒரு புள்ளி, சுண்டுவிரல் நுனியில் ஒரு புள்ளி.

"ஆச்சுங்களா?" என்றாள்.

இரண்டு புள்ளியும் வைத்தாகிவிட்டது.

"இரு, இன்னும் ஆகுல" என்றேன்.