காந்தத்தின் மேல் போட்ட பழி

எழுபதுகளின் கடைசியில், கல்யாணமான கையோடு நாங்கள் குடிபோன முதல் வாடகை அறை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கம். கட்டிலைக் கிழக்கு மேற்காகப் போட்டால் கதவு திறக்காது. தெற்கே தலை வைத்தால் வடக்கே நிற்கும் மலையைப் பார்த்துக் கால் நீட்ட வேண்டும். திருவண்ணாமலையில் யாருக்கு அந்தத் தைரியம் வரும்? ‘வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைக்காதே’ என்பார்கள். வைத்தோம்.

ஒரே மாதத்தில் எனக்குத் தலைவலி. பக்கத்து அறைக்காரருக்குக் காந்த வைத்தியத்தில் பித்து.

“பூமியே பெரிய காந்தம்மா. ரத்தத்துல இரும்பு இருக்குது. வடக்கே தலை வெச்சா ரத்தம் பூரா மூளைக்கு இழுத்துக்கும், நரம்பெல்லாம் தளர்ந்துடும்” என்றார். தினமும் காந்தத்தின் மேல் வைத்த தண்ணீர் ஒரு தம்ளர் கொடுத்தார். தண்ணீர் மாதிரியே இருந்தது.

நானோ பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். ரத்தத்தில் இருக்கும் இரும்பு ஆணியைப் போலக் காந்தத்திடம் ஓடாது என்று வகுப்பில் தொண்டை கிழியச் சொல்கிறவள். அவரிடம் மட்டும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். என் தலைவலியின் காரணம் எனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று, “கண்ணாடி போட்ட பொண்ணை எவன் கட்டுவான்?” என்று அம்மா கழற்றி வாங்கிய கண்ணாடி, டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. கடைசி பெஞ்சுப் பிள்ளைகளைக் கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்துத்தான் தலை வலித்தது. பழியைக் காந்தமே சுமக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

சேதி போளூர் வரை போய், மாமியார் பஸ் ஏறி வந்துவிட்டார்.

“இந்த ரூமே வேணாம். காலி பண்ணிட்டு நம்ம வீட்டுக்கே வந்துடுங்க. அங்கேருந்து பஸ்ல வேலைக்குப் போய்க்கலாம்.”

எனக்குப் பகீரென்றது. அந்த வீட்டில் பதினோரு பேர். இங்கே கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கலாம். இந்த அறையை விட எனக்கு மனசே இல்லை. பெட்டியைத் திறந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

“காந்தமெல்லாம் இல்லீங்க அத்தை. எனக்குத் தூரத்துல கண்ணு தெரியாது. மறைச்சுட்டேன்.”

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“காலி பண்ணச் சொன்னாத்தான் நீ வாயைத் தொறப்பேன்னு வந்தேன்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பொண்ணு பாக்க வந்தன்னிக்கு, மாப்பிள்ளைக்குக் காபி குடும்மான்னா, நேரா போய் என் தம்பிகிட்ட நீட்டிட்டு வெக்கப்பட்டு நின்னியே!”