செவ்வாய் என்று பதிந்த புதன்கிழமை

தங்கை எங்களை விட்டுப் போய் இன்று முப்பத்தொரு நாள். அந்தியேட்டிக் கிரியைக்கு வருவோர் கையில் அவரைப் பற்றி ஒரு தாளாவது இருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். எனக்கு அழுகை இன்னும் வரவில்லை. மலர்வளையங்கள் பத்தொன்பது வந்தன என்பது மட்டும் நினைவில் நிற்கிறது.

சண்டிலிப்பாயில் ஆறு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்தார். நான் இரண்டாவது, அவரிலும் பதினான்கு வயது மூத்தவன். இருபத்தேழாவது வயதில் அவருக்கு ஒரே மகன் பிறந்தான். மைத்துனர் அப்போது குருநாகலில் வேலையில் இருந்தபடியால், பிறப்பைப் பதிய நானே போனேன். குழந்தை பிறந்தது புதன்கிழமை, சூரியன் உதிக்க ஐம்பது நிமிடம் இருக்கையில். பஞ்சாங்கப்படி உதயம் வரை முதல் நாள்தான். கணித ஆசிரியனான நான், சாதகத்துக்குக் கணிப்பது போலவே பதிவுக்கும் செவ்வாய்க்கிழமைத் திகதியைக் கொடுத்துவிட்டேன்.

1968இல் குடும்பம் மெல்பேர்ணுக்கு வந்தது. இரண்டு வருடத்தில் மைத்துனர் மாரடைப்பால் காலமானார். துணைக்கு நான் வந்து சேர்ந்தேன். தங்கை, நாங்கள் குடியிருந்த டண்டினொங்கில் ஒரு தையல் தொழிற்சாலையில் நாளொன்றுக்கு இருநூற்று நாற்பது சட்டைக் கழுத்து தைத்தார். ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.

வியட்நாமில் ஒரே மொழி பேசும் சனங்கள் இரண்டாகப் பிரிந்து சண்டையிட்ட காலம் அது. அந்தச் சண்டைக்கு இந்த நாடும் ஆள் சேர்த்தது. இருபது வயதுப் பையன்களின் பிறந்த திகதிகளை உருண்டைகளில் பொறித்துக் குலுக்குவார்கள். எடுத்த திகதியில் பிறந்தவன் இராணுவத்துக்குப் போக வேண்டும். 1971இல் அந்தச் செவ்வாய்க்கிழமைத் திகதி விழுந்தது. பட்டியலை மூன்று முறை பார்த்தேன். புதன்கிழமைத் திகதி அதில் இல்லை.

குசினியில் தங்கையிடம் சொன்னேன்.

“பிள்ளை, பிழை என்ரை. நான் புதன் எண்டு குடுத்திருக்க வேணும்.”

அவர் அடுப்பை அணைத்தார். “அவனுக்குச் சொல்லாதேங்கோ அண்ணை. மாமாவோடை கோவிக்க அவனுக்கு இப்ப நேரமில்லை.”

சாதகத்தை மொழிபெயர்த்து ஆள் சேர்க்கும் அலுவலகத்துக்கு மூன்று கடிதம் போட்டேன். பிறப்புச் சான்றிதழே முடிவு என்று பதில் வந்தது. நாலாவது கடிதத்துக்கு உட்கார்ந்தபோது தங்கை பேனாவை வாங்கி வைத்தார்.

“செவ்வாய்க்கிழமை பிறந்த மற்றப் பிள்ளையளுக்குச் சாதகம் காட்டி எழுத ஆர் இருக்கினம்?”

அடுத்த வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு போட்டு நகரத்துக்குப் போனார். ஆள் சேர்க்கும் அலுவலக வாசலில் தாய்மார் சிலர் கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்துப் பலகை ஏந்தி மௌனமாக நிற்பது வழக்கம். அன்று முதல் வெள்ளிதோறும் அவர்களோடு நின்றார். சேலை கட்டியவர் அவர் ஒருவரே. நான் எதிரே டிராம் தரிப்பில் இருந்து எண்ணினேன்: முதல் வாரம் பதினொருவர், பிறகு ஒன்பது, ஒரு மழைநாளில் ஆறு. அன்று தங்கை வீதியைக் கடந்து என்னிடம் வந்தார்.

“எண்ணிறதை விட்டுட்டு வந்து இந்தப் பலகையைக் கொஞ்சம் பிடியுங்கோ.”

“ஆம்பிளையள் நிக்கிறேல்லை எண்டெல்லோ சொன்னனீ?”

“பிடிக்கத்தானே சொன்னனான், ஆர் உங்களை நிக்கச் சொன்னது?”

ஒருமுறை ஒருவன் அவரைப் பார்த்து, உன் ஊருக்குப் போ என்று கத்தினான். டண்டினொங் ரயில் ஐந்தரைக்குத்தான் தம்பி என்று தங்கை ஆங்கிலத்தில் பதில் சொன்னார். மௌனம் காக்க வேண்டிய தாய்மார் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

மருமகன் அழைப்பை ஏற்கவில்லை. பதினான்கு மாதம் ஏழு வீடுகளில் ஒளிந்திருந்தான். அவற்றில் ஐந்து அந்தத் தாய்மாரின் வீடுகள். 1972 டிசம்பரில் ஆட்சி மாறி, கட்டாய ஆள்சேர்ப்பு நின்றது. மூன்றாம் வருடம் போரே முடிந்தது. அதில் இந்தப் பெண்களின் பங்கு எவ்வளவு என்று எனக்குக் கணக்கிடத் தெரியவில்லை. பங்கு இருந்தது என்று தெரியும்.

அறுபதாவது வயதில் புற்றுநோயோடு தங்கை ஒன்பது வாரம் படுக்கையில் இருந்தார். ஒருநாள் கேட்டார்:

“அவனுக்குச் சொல்லிப்போட்டியளோ?”

“இல்லை.”

“நான் போன பிறகு சொல்லுங்கோ. இப்ப சொன்னால் மறைச்சதுக்கு என்னோடையும் கோவிப்பான்.”

ஆஸ்பத்திரிக்கு வந்து போனவர்களுக்கும், சோறு சமைத்துத் தந்த நான்கு குடும்பங்களுக்கும், அந்த ஐந்து வீட்டுத் தாய்மாருக்கும் எங்கள் நன்றி.

மருமகனே, கொள்ளி வைத்த அன்று உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எல்லோரும் வாசிக்கும் இடத்தில் எழுதியிருக்கிறேன். அம்மாவில் பிழை இல்லை. கோவிப்பதானால் என்னோடு கோவி. நேரில் வா. நான் வீட்டில்தான் இருப்பேன்.