தொண்டையில் ஒட்டிய மஞ்சள்

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் மற்றவர்கள் கறிக்கடைக்குப் போவார்கள். நானும் என் கணவரும் பறவை பார்க்கச் சிறுமலைக்குப் போவோம். முன்பெல்லாம் அவர்தான் வண்டி ஓட்டுவார். நான் பின்னால் உட்கார்ந்து தூங்கி வழிவேன். கண்ணில் பிரஷர் வந்து அவர் பார்வை சுருங்கத் தொடங்கியதும் ஸ்கூட்டர் என் கைக்கு வந்தது. வளைவுக்கு வளைவு "ஹாரன் அடி, ஹாரன் அடி" என்று உயிரை வாங்குவார்.

அவருக்கு ஒரே ஆசை. மஞ்சள் தொண்டைச் சின்னானை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். பாறைச் சரிவுப் புதர்க்காட்டுப் பறவை அது; காடு குறையக் குறைய அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அவர் பைனாகுலரைத் திருப்புவதற்குள் இரண்டுமே பறந்துவிட்டன. இருவரும் பார்த்தால்தான் நோட்டில் எழுதுவது எங்கள் வழக்கம். அதனால் நான் பார்த்த இரண்டும் நோட்டில் ஏறவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு.

ஈஸ்டர் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாறையோரம் பூத்திருந்த ஆனைக்கற்றாழையில் ஒரு சின்னான் வந்து உட்கார்ந்தது. அவர் என் தோளைப் பிடித்தார்.

"தொண்டை மஞ்சளா இருக்கு. எனக்கே தெரியுது டீச்சர்!"

பைனாகுலரை என்னிடம் நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். வெண்புருவச் சின்னான். ஊரில் வேலிக்கு வேலி இருப்பது. பூவுக்குள் முகத்தை விட்டு, தொண்டையெல்லாம் மகரந்தத்தை அப்பிக்கொண்டிருந்தது.

"எழுதலாமா?" என்றார்.

விடைத்தாளில் பாவம் பார்த்து அரை மார்க் கூடப் போடாதவள் நான். அடுத்த வருசம் இந்தக் கண் இருக்குமா என்று டாக்டருக்கே தெரியவில்லை.

"எழுதுங்க" என்றேன்.

பேனாவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துப் பறவை குரல் கொடுத்துத் தொலைத்தது. கண் மங்கிய பிறகு அவர் காதால்தான் பாதிப் பறவைகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். அது எனக்கு மறந்தே போயிருந்தது.

"இது நம்ம வீட்டு வேலியில கத்துறதுல்ல?"

"ஆமாங்க. மஞ்சளா இருக்கது மகரந்தம்." எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க அம்புட்டு சந்தோசமா இருந்தீங்க..."

பேனாவை மூடிவிட்டு என் கையைத் தேடிப் பிடித்தார்.

"எனக்காகன்னு பொய் சொல்லாத டீச்சர். இனிமே உன் கண்ணாலதான நான் எல்லாத்தையும் பாக்கணும்."