இடது பக்கப் பாரம்

ரொட்டியக்காவைப் படுக்கவைத்தது பக்கவாதம். எழுப்பி உட்காரவைத்தது கொழுந்தன் மேல் வந்த ஆத்திரம். மருத்துவமனையில் கொடுத்த மாத்திரைகளுக்கும் அதில் பங்கு உண்டு, இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் எந்த மாத்திரையும் ஒருத்தியைக் காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்கச் செய்யாது.

அண்ணனும் தம்பியுமாகத் தொடங்கிய பேக்கரி அது. அண்ணன் செத்ததும் தம்பி கல்லாவில் உட்கார்ந்தார், அண்ணி சைக்கிளில் ஏறினாள். விடிவதற்குள் அடுப்பிலிருந்து இறங்கும் ரொட்டியில் பெரிய வாடிக்கைக்கு உள்ளதைப் பின்னால் பெட்டியில் கட்டுவாள். வீடுகளுக்கு உள்ளதைக் கான்வாஸ் பையில் போட்டு இடது கைப்பிடியில் தொங்கவிடுவாள். வீட்டு வாசலில் ஒரு காலை ஊன்றி, இறங்காமலே வலது கையால் எடுத்து நீட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். மழையானாலும் காய்ச்சலானாலும் ரொட்டி வந்துவிடும். ஊர் அவளை ரொட்டியக்கா என்றது.

ஒருநாள் மாணவிகள் விடுதி வாசலில் இடது கை பிடியை விட்டது. விட்டதே அவளுக்குத் தெரியவில்லை. சைக்கிள் சாய்ந்தது, ரொட்டி உருண்டது, அவள் தரையில் உட்கார்ந்து என்னவோ சொன்னாள். அது பேச்சாக வரவில்லை.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது கூடவே தங்கை வந்தாள். வார்டில் நோயாளிகளைப் புரட்டி, தூக்கி, துடைத்தே ஓய்வுபெற்றவள். வந்ததும் முதல் வேலையாக, வாசலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டுக்காரிகளை அனுப்பிவைத்தாள். "பாவம், பாவம்னு சொல்றதுக்கு ஆள் வேண்டாம். முடிஞ்சா துணி துவைச்சுக் குடுங்க." அக்காவின் தட்டை எப்போதும் இடது பக்கமாகவே வைத்தாள். பக்கவாதக்காரர்களுக்குக் கை வராதது பாதித் தொல்லைதான். அந்தப் பக்கம் ஒன்று இருப்பதே நினைவில் நிற்காதது மீதித் தொல்லை. தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடக்கும், ரொட்டியக்கா பசிக்கிறது என்பாள்.

"தலையைத் திருப்பு. மோவாய் தோளைத் தொடணும். அந்தப் பக்கமும் உலகம் இருக்கு, பாரு."

"நீ இருக்கியே அந்தப் பக்கம், அதான் பாக்கப் பிடிக்கல," என்றாள் ரொட்டியக்கா. நாக்கு குழறியது. ஆனால் நக்கல் குழறவில்லை என்று தங்கை சந்தோஷப்பட்டுக்கொண்டாள்.

கைத்தடியோடு தெருமுனை வரை நடக்க முடிந்த அன்று, ரொட்டியக்கா யாருக்கும் சொல்லாமல் பேக்கரிக்குப் போனாள். எப்போதும்போல் பின்வாசல் வழியாக. மாவு மூட்டை அடுக்கிய அறையில் அவள் சைக்கிளின் முன்சக்கரம் ஆணியில் தொங்கியது. சக்கரம் இல்லாத சைக்கிள் கீழே மூலையில், மூக்கறுந்தது மாதிரி சாய்ந்து கிடந்தது. கல்லாப் பக்கம் ஒரு வாடிக்கைக்காரர் அவளைப் பற்றித்தான் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணிக்கா? புத்தி பேதலிச்சுப் போச்சுங்க," என்றார் கொழுந்தன். "பேசறது ஒண்ணும் விளங்கல. சின்னக் குழந்தை மாதிரி ஆயிட்டாங்க. இனிமே எங்க மருமகன்தான் மொபெட்ல கொண்டு வருவார்."

ரொட்டியக்கா முன்னால் வந்து நின்றாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்து, அங்கேயே கூழாகிப் போனது. வாயோரம் எச்சில் வழிந்தது. வாடிக்கைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாத்தீங்கல்ல?" என்றார் கொழுந்தன். அதை மட்டுமாவது அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்றிலிருந்து அவள் குணமாக ஆரம்பித்தாள். பிசைந்த மாவு உருண்டையை இடது கையில் வைத்துப் பிழியச் சொன்னாள் தங்கை. ரொட்டியக்கா அதைக் கொழுந்தன் கழுத்து என்று நினைத்துப் பிழிந்தாள். படியேறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது நோயுற்ற காலை முதலில் வைக்க வேண்டும். ஒவ்வொரு படியையும் கொழுந்தனின் மிடுக்கான சட்டை என்று நினைத்து மிதித்தாள். வாய்ப்பயிற்சிக்குப் பாட்டோ கதையோ சொல்லச் சொன்னார்கள். அவள் கொழுந்தனை வைதே பழகினாள். கடினமான எழுத்துகள் எல்லாம் வசவில்தான் வருகின்றன என்பதால் பேச்சு சீக்கிரமே தெளிந்தது.

"கோவம் இருக்கட்டும். ஆனா ரத்த அழுத்தம் ஏறாமக் கோவப்படு," என்றாள் தங்கை.

"அது எப்படிடி?"

"மெதுவா. நாள்பட. அவசரப்படாம."

அப்படிக் கோபப்பட ரொட்டியக்காவுக்கு நன்றாகவே வந்தது. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: கொழுந்தன் கண்ணெதிரில் அதே சைக்கிளில் அதே வாசல்களுக்குப் போக வேண்டும்.

சக்கரத்தை மீட்கத் தங்கை போனாள். "அண்ணி நல்லதுக்குத்தாம்மா கழட்டி வெச்சேன்," என்றார் கொழுந்தன்.

"எங்கக்கா கால் வராமக் கெடந்தப்ப நீங்க எதைக் கழட்டினீங்க பாருங்க," என்று சொல்லிக்கொண்டே அவள் ஆணியிலிருந்து சக்கரத்தை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். மாவு தூக்குகிறவனை அழைத்துச் சைக்கிளையும் வெளியே தூக்கச் சொன்னாள். பழைய வார்டு அதட்டல் அது. கேட்டவன் முதலாளி முகத்தைக்கூடப் பார்க்காமல் தூக்கினான். சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைப் பூட்டி, பின்பிரேக்கை வலது கைக்கு மாற்றிக் கொடுத்தார்.

பிறகுதான் உண்மையான கஷ்டம். கால் மிதித்தது, கை பிடித்தது, ஆனால் ஏறி உட்கார்ந்ததும் விழுந்தாள். தெருக்கோடியில் இருந்த நெல் கிடங்குக்குப் பின்னால் காலி மனையில் தங்கை இடது பக்கம் கூடவே ஓடுவாள். நோயுற்ற பக்கம்தானே விழுவாள்? பெட்டியையும் பையையும் அவிழ்த்துவிட்டார்கள், பாரம் ஆகாது என்று. மருத்துவமனையில் பயிற்சி சொல்லித்தரும் பெண்ணும் அதையேதான் சொன்னாள். ரொட்டியக்கா விழுந்ததோ ஒவ்வொரு முறையும் வலது பக்கம்.

"நல்ல பக்கம் விழறவளை இப்பதான் பாக்கறேன்," என்றாள் தங்கை, முழங்கையில் மருந்து போட்டபடி. "என்னை ஏமாத்தறதுக்குன்னே விழறியா?"

ரொட்டியக்கா சிரிக்கவில்லை. கடைசியாக விழுந்த அன்று மொபெட் ஒன்று கிடங்கோரமாக வேகம் குறைந்து போனது. மருமகன். கொழுந்தன் காதுக்கு விஷயம் போய்விட்டிருக்கும். அதற்கப்புறம் அவள் சைக்கிளில் ஏறவில்லை. சுவரில் சாய்த்துவைத்து, அதன் பக்கமே திரும்பாமல் இருந்தாள். உடம்பில் தெம்பு இருந்தது, ஆத்திரமும் இருந்தது. காலைத் தூக்கி மறுபக்கம் போடும் அந்த ஒரு நொடிதான் வரவில்லை. மனது பெடல்வரை போய்த் திரும்பி வந்தது.

தங்கை வற்புறுத்தவில்லை. நடைக்குத் துணையாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்கு வரச் சொன்னாள், அவ்வளவுதான். திரும்பி வரும்போது உருளைக்கிழங்கும் வெங்காயமும் முட்டையும் நிறைந்த பையை, கை வலிக்கிறது என்று இடது கைப்பிடியில் மாட்டிவிட்டாள்.

ரொட்டியக்கா நின்றாள். கைப்பிடி இடதுபக்கம் இழுத்தது. அவள் உடம்பு தானாகவே கொஞ்சம் வலதுபக்கம் சாய்ந்து அதைப் பிடித்தது. இத்தனை காலமும் அவள் அந்தச் சைக்கிளைக் காலியாக ஓட்டியதே கிடையாது. போகும்போது ரொட்டி, வரும்போது மீந்த ரொட்டி, இல்லையென்றால் மார்க்கெட் சாமான், எல்லாம் அதே பையில், அதே பக்கம். இல்லாத பாரத்துக்கு எதிராகச் சாய்ந்து சாய்ந்துதான் அவள் வலதுபக்கம் விழுந்திருக்கிறாள்.

ஏறி மிதித்தாள்.

"அக்கா! பையில முட்டை இருக்கு!" என்று கத்திக்கொண்டே தங்கை பின்னால் ஓடினாள். முட்டை உடைந்தது, ரொட்டியக்கா உடையவில்லை. வீட்டு வாசலில் காலை ஊன்றி நின்றவள், கேட்க ஆளில்லாமல் காற்றைப் பார்த்துச் சொன்னாள்: "இருங்க தம்பி. வரேன்."

மறுநாள் அவள் போனது கொழுந்தனின் பேக்கரிக்கு அல்ல. அதற்கு நேர் எதிர் வரிசையில் இருந்த பேக்கரிக்கு.

"உங்க கொழுந்தன் என்னை உசுரோட விடமாட்டாரும்மா," என்றார் முதலாளி.

"அதை நான் பாத்துக்கறேன். நீங்க ரொட்டி குடுங்க."

"வழியில விழுந்துட்டீங்கன்னா?"

"ரொட்டி நசுங்கும். உங்க பல்லா நசுங்கப்போவுது?"

அவர் சிரித்துவிட்டார். ஆனால் வியாபாரி. விடுதிக்கு மட்டும், ஒரே ஒரு நாள் காலை. சரியாகக் கொண்டுசேர்த்தால் மற்ற வாடிக்கையைப் பற்றிப் பேசலாம். விழுந்தால் பேச்சே இல்லை என்றார். விடுதிதான் கொழுந்தனின் ஆகப் பெரிய வாடிக்கை என்பது இருவருக்கும் தெரியும்.

அடுத்த நாள் காலை, பாலத்து வளைவில் தன்னையறியாமல் நடுரோட்டுக்கு வந்துவிட்டவளை ஒரு லாரி இடதுபக்கமாக உரசிக்கொண்டு வந்தது. அவளுக்கு அது சத்தமாகத்தான் முதலில் தெரிந்தது. மோவாயைத் தோள்வரை திருப்பினாள். அங்கே ஆள் உயரத்துக்கு டயர். இறங்கி உருட்டிக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தாள். "பாத்தீங்கல்ல?" என்ற குரல் காதில் கேட்டது. மிதித்தாள்.

விடுதிச் சமையல்காரி கதவைத் திறந்து, பேய் பார்த்ததுபோல் நின்றாள். "புத்தி சரியில்லைன்னு சொன்னாங்களேக்கா!"

"சரியில்லாமயா, சூடான ரொட்டியைக் கிள்ளிப் பாத்துட்டு நேத்து ரொட்டின்னு நீ திருப்பி அனுப்பினதெல்லாம் ஞாபகம் இருக்கு? இந்தா, இதையும் கிள்ளிப் பாரு."

கிள்ளிப் பார்த்தாள். ரொட்டி சூடு. மருமகன் தினமும் நேரம் கடந்துதான் வருகிறான், பிள்ளைகள் பட்டினியாக வகுப்புக்கு ஓடுகிறார்கள் என்று புலம்பிக்கொண்டே பெட்டியையும் பையையும் காலிசெய்தாள். அந்த நேரத்தில் மொபெட் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தது கொழுந்தன். எதிர்க்கடையில் அவள் ரொட்டி ஏற்றியதை யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"வேண்டாங்க, வாங்கியாச்சு," என்றாள் சமையல்காரி.

கொழுந்தனின் முகம் ஈரமாவு மாதிரி ஆனது. "அண்ணி, நம்ம கடைக்கு நீங்களே குழி வெட்டலாமா?"

"என்ன தம்பி, புத்தி பேதலிச்சவ பண்றதையெல்லாம் பெருசா எடுத்துக்கறீங்க?"

சமையல்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பல்துலக்க வந்த மாணவிகள் வராந்தாவில் கூடிவிட்டார்கள். கொழுந்தன் குரலைத் தாழ்த்தினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. உங்க வேலை உங்களுக்கே. நாளைக்கு நம்ம கடைக்கு வந்துடுங்க. இப்ப வண்டில ஏறுங்க, வீட்ல விட்டுடறோம். சைக்கிளை அப்புறம் எடுத்துக்கலாம்."

அவள் சைக்கிளைப் பார்த்தாள். பை காலி. பாரமில்லாத சைக்கிளை இத்தனை பேர் நடுவில் ஓட்ட முடியாது. ஏறினால் வலதுபக்கம், அவர் காலடியிலேயே விழுவாள். மொபெட்டில் ஏறுவதற்கு அதுவே மேல்.

"தம்பி," என்றாள் கனிவாக. "உங்க ரொட்டி வீணாப்போகுதே. அதை எடுத்து இந்தப் பையில போடுங்க."

அண்ணி இறங்கிவந்துவிட்டாள் என்று அவருக்கு ஒரே மகிழ்ச்சி. தானே ரொட்டியை அள்ளிப் போட்டார்.

"இன்னும் கொஞ்சம். அமுக்கி வையுங்க, பரவால்ல."

"நசுங்கிடுமே அண்ணி?"

"நசுங்கட்டும்."

பை நிறைந்தது. கைப்பிடி இடதுபக்கம் இழுத்தது. அவள் ஏறி, வலதுபக்கம் சாய்ந்து, கேட்டைத் தாண்டினாள். மாணவிகளில் யாரோ கைதட்டினார்கள்.

"நாளைக்குச் சீக்கிரமே அடுப்பு மூட்டிடறேன் அண்ணி!" என்று பின்னாலிருந்து கத்தினார் கொழுந்தன். அவள் திரும்பிப் பார்க்காமல் மிதித்தாள். மூட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கட்டும். விடிந்தபிறகும் காத்திருக்கட்டும்.

வாசலில் தங்கை பையை இறக்கிப் பார்த்தாள். "இது யார் ரொட்டிக்கா, இப்படிச் சப்பையாக் கெடக்கு?"

"உன் அத்தானோட தம்பி கடை ரொட்டி. கோழி வளக்கறவங்க வீட்ல கொட்டிட்டு, அப்படியே எதிர்க்கடைக்காரர்கிட்டப் போய்ச் சொல்லு, நாளையிலேர்ந்து எல்லா வாசலுக்கும் நான்தான் போறேன்னு. நான் கொஞ்சம் படுக்கறேன், காலு நடுங்குது."

"நடுங்கத்தான் செய்யும். தலையணையை இடது கைக்கு அடியில வெச்சுக்கிட்டுப் படு," என்றாள் தங்கை.