சிவகங்கைக் கவிஞர்

வேல்ஸ்காரர்கள் சிலர் அந்தக் காலத்தில் லண்டனுக்குப் பிழைக்கப் போய், அங்கே சங்கம் வைத்துத் தங்கள் மொழியில் கவிதை வளர்த்தார்களாம். சொந்தப் பக்கத்து ஆறு, மலைப் பெயரையெல்லாம் புனைபெயராக வைத்துக்கொண்டவர்களும் உண்டாம். ஒரு பத்திரிகையில் படித்தேன். லண்டனிலேயே பிறந்த பிள்ளை எந்த ஆற்றைச் சொல்லியிருக்கும் என்று அதில் போடவில்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்ததே அதுதான்.

அந்தமானில், போர்ட் பிளேரில் எங்கள் தமிழ்ச் சங்கக் கவியரங்கத்தில் முதல்முறையாக வாசிக்க இருந்தேன். அங்கே கவிஞரை ஊர்ப்பெயரோடுதான் மேடைக்கு அழைப்பார்கள். செயலாளர் போனில் கேட்டார்.

"சொந்த ஊர் எதும்மா?"

"சாத்தம் சார்."

"அது இருக்கற இடம். மெயின்லேண்ட்ல எந்த ஊரு?"

சாத்தம் மரமில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவிடம் கேட்டேன். "க்யா மாலூம், யாருக்குத் தெரியும்! ஒருத்தர் ராம்நாடுன்னாங்க, ஒருத்தர் புதுக்கோட்டைன்னாங்க. தெரிஞ்சவங்க எல்லாம் போய்ச் சேந்துட்டாங்க" என்றார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். தெரியாது என்றே செயலாளரிடம் சொன்னேன். "விடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

கவியரங்கத்தன்று அப்பாவோடு உட்கார்ந்திருந்தபோது மைக்கில் அழைத்தார்கள்.

"சிவகங்கைக் கவிஞர் மேடைக்கு வருக!"

யாரது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை. செயலாளர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். ஒன்றும் புரியாமல் மேடையேறி, மரத்தூள் வாசத்தையும் எதிர்க்கரை பேம்பூ ஃப்ளாட்டுக்குப் போகும் படகையும் பற்றி எழுதியதை வாசித்தேன். நன்றாகவே கைதட்டினார்கள். சிவகங்கைக்கா, சாத்தத்துக்கா என்று எனக்கே குழப்பம்.

இறங்கியதும் நேரே செயலாளரிடம் போனேன். நல்ல கோபம்.

"ஊரில்லாம ஒரு ஆள மேடையில நிப்பாட்ட மனசு வரலம்மா. அதான் எங்க ஊர்லயே சேத்துக்கிட்டேன்" என்று சிரித்தார். இப்படிச் சிரிப்பவரிடம் என்ன சண்டை போடுவது? நன்றி சொல்ல வேண்டுமோ என்றுகூடத் தோன்றியது.

திரும்பும்போது ஆட்டோவில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"சங்கத்துல பக்கா விசாரிச்சுதானே போட்டிருப்பாங்க?" என்றார். "அப்ப நாம சிவகங்கைதான், இல்ல?"

அப்படியொரு நிம்மதியை அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

"சாத்தம் வந்துடுச்சுப்பா, எறங்குங்க" என்றேன்.